விமானம் போகாத நிலம்

முதலில் எடுக்கச் சொன்னது வெள்ளைக் கற்களைத்தான்.

ஓடுதளத்தின் இரண்டு ஓரத்திலும் இருபது மீட்டருக்கு ஒன்றாக, முழங்கால் உயரத்துக்குக் கருங்கல் நட்டு, பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு பூசி வைத்திருந்தார்கள். ஓடுதளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மேலே இருக்கும் விமானிக்குக் காட்டியது அந்தக் கல் வரிசைதான். உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பு தளத்தைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆலோசகர் வந்தார். பெரிய விமான நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காரைவிட்டு இறங்கியதும் செருப்பு முனையால் ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. "இதைப் பாதுகாப்புக்கு வெச்சீங்களா, ஆளைக் கொல்ல வெச்சீங்களா?" என்றார்.

பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் அய்யாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அந்தக் கற்களுக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்தவர் அவர்தான். "கல்லு இல்லீன்னா ஓரம் எதுன்னு அவிங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் மெதுவாக. ஆலோசகர் பதில் சொல்லவில்லை. நான் மட்டக்கோலைத் தோளில் சாத்தியபடி இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நிலத்தை அளக்க நான் வந்தது அது இரண்டாம் தடவை.

முதல் தடவை 1994-இல். நான் அப்போது ஒரு மூத்த நில அளவையரிடம் சங்கிலி பிடிக்கும் பையன். பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவில் ஒரு நூற்பாலைக்காரர் தன் சொந்த விமானம் இறங்குவதற்காகச் சோளக்காட்டை வாங்கிச் சமன் செய்து வைத்திருந்தார். ஆலையின் பெயர் வேண்டாம். ஊரில் அதற்கு 'ஏரோப்ளேன் காடு' என்று பெயர். கொங்கு நாட்டில் விளைநிலம் எல்லாமே காடுதான். விளைவது விமானமாக இருந்தால் என்ன? கிராவல் கொட்டி ரோலர் ஓட்டிய 900 மீட்டர் செம்மண் பட்டை, ஒரு தகரக் கொட்டகை, ஒரு கம்பம், கம்பத்தில் ஆலைத் துணியில் தைத்த காற்றுப்பை. அவ்வளவுதான் விமான நிலையம். முதலாளியின் விமானம் மாதத்தில் மூன்று நான்கு நாள் வரும். மற்ற நாட்களில் ஊர்க்காரர்கள் அதில் சோளத்தட்டு காயப் போடுவார்கள். பள்ளிக்கூடப் பையன்கள் சைக்கிள் பழகுவார்கள்.

விமானம் வருகிற நாளில் ஆலையிலிருந்து வாட்ச்மேன் அய்யாவுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவர் தன் டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போவார். ஆடு, மாடு, தட்டு, பையன்கள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துவார். பிறகு கொட்டகைக்குப் பக்கத்தில் பச்சை இலை போட்டு நெருப்பு மூட்டுவார். புகை சாய்கிற திசையைப் பார்த்து விமானி காற்றைத் தெரிந்துகொள்வார். விமானம் வந்ததும் இறங்கிவிடாது. ஓடுதளத்தின் மேலே தாழப் பறந்து ஒரு சுற்று சுற்றும். அந்தச் சுற்றில் விமானி ஆடு இருக்கிறதா, குழி இருக்கிறதா, தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று தன் கண்ணால் பார்ப்பார். திருப்தியானால் இரண்டாம் சுற்றில் இறங்குவார். ஒரு நாள் இருட்டிவிட்டதால் ஆலையின் அம்பாசடர் காரை முனையில் நிறுத்தி ஹெட்லைட் போட்டு இறக்கியதாக அய்யா எனக்குச் சொன்னார். சொன்னபோது குரலில் பெருமைதான் இருந்தது, பயம் இல்லை.

அன்றைக்கு இது விசித்திரம் அல்ல. இந்தியாவின் விமானப் போக்குவரத்தே இப்படித்தான் தொடங்கியது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அஞ்சல் மூட்டையோடு புஸ் மோத் விமானத்தில் புறப்பட்டு ஆமதாபாத் வழியாக பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். ஆமதாபாத்தில் அவருக்குப் பெட்ரோல் வந்தது மாட்டு வண்டியில், நான்கு காலன் தகர டின்களில். ஜுஹு ஒரு சேற்றுத் திடல். மழைக்காலத்தில் மூழ்கிவிடும் என்பதால் அந்த மாதங்களில் புனாவுக்குப் போய்விடுவார்கள். ஜுஹுவிலிருந்து மூட்டையை வாங்கிக்கொண்டு நெவில் வின்ட்சென்ட் பெல்லாரி வழியாக மறுநாள் சென்னை வந்து சேர்ந்தார். வழியெங்கும் வெறும் திடல்கள்தான். விமானியின் கண்ணும் தரையில் ஒரு மனிதனும்தான் பாதுகாப்பு ஏற்பாடு. வாட்ச்மேன் அய்யா அந்த மரபில் வந்தவர் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு, அவருக்கு அது தெரியாவிட்டாலும்.

அதே பெல்லாரிக்குப் பக்கத்தில், தோரணகல்லில், இன்று ஒரு எஃகு ஆலை தனக்கென்று விமான நிலையம் வைத்திருக்கிறது; சிறு ஊர்களுக்கு விமானம் விடும் அரசின் உடான் திட்டத்தில் 2017-இல் அங்கே பொதுமக்கள் பயணம் செய்யும் விமானமும் வந்தது. ஓசூருக்கு அருகே பெலகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனத்தின் ஓடுதளம் ஏறக்குறைய 7,000 அடி நீளம். நெய்வேலியில் ஒரு காலத்தில் வாயுதூத்தின் சிறு விமானங்கள் இறங்கின. உடான் பட்டியலில் நெய்வேலி, வேலூர் பெயர்களைப் பார்த்ததும் நாளைக்கே டிக்கெட் எடுக்கலாம் என்று நினைத்தவர்கள் பல வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று. சேலத்துக்கு மட்டும் 2018 மார்ச்சில் விமானம் வந்தது. ஓடுதளம் ஏற்கெனவே இருக்கிறதே, ஏன் இத்தனை தாமதம் என்று டீக்கடையில் கேட்பார்கள். நானும் 2021 வரை அப்படிக் கேட்டவன்தான்.

ஆலையில் தலைமுறை மாறியது. சொந்த விமானத்தை விற்றுவிட்டார்கள். தேவைப்படும்போது வாடகை விமானம். சட்டம் இங்கேதான் குறுக்கே வந்தது. சொந்த நிலத்தில் சொந்த விமானத்தை இறக்குவது ஒன்று. கட்டணம் வாங்கி ஆளேற்றும் விமானம் தொடர்ந்து வந்து போவது இன்னொன்று. இரண்டாவதற்கு 1937-ஆம் ஆண்டு வானூர்தி விதிகளின் 78-ஆம் விதிப்படி தளத்துக்கு உரிமம் வேண்டும். அதில் இரண்டு வகை: பொதுப் பயன்பாடு, தனியார் பயன்பாடு. தனியார் வகையில் உரிமம் பெற்றவரும் அவர் குறிப்பாக அனுமதித்தவர்களும் மட்டுமே தளத்தைப் பயன்படுத்தலாம். 1934-ஆம் ஆண்டுத் தாய்ச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் 'பாரதீய வாயுயான் அதினியம்' என்று ஒரு புதிய சட்டம் வந்திருக்கிறது. பெயரை உச்சரிக்கப் பழகிக்கொண்டிருக்கிறோம்.

சரி, உரிமம் எதைக் கேட்கிறது? எல்லோரையும் போல நானும் ஓடுதளத்தை அளப்பார்கள் என்றுதான் நினைத்தேன். தார் எத்தனை அங்குலம், நீளம் எவ்வளவு, விரிசல் உண்டா. இதெல்லாம் உண்டுதான், ஆனால் இரண்டே நாளில் முடிந்துவிட்டது. மீதி ஏழு மாதமும் நாங்கள் மாய்ந்து மாய்ந்து வேலை செய்தது விமானத்தின் சக்கரம் ஒருபோதும் படக் கூடாத இடத்தில்.

இதைக் கணக்காகச் சொன்னால்தான் புரியும். நாங்கள் எதிர்பார்த்தது கிங் ஏர் பி200 வகை விமானம்: நீளம் 13 மீட்டருக்குச் சற்று மேல், இறக்கை விரிவு சுமார் 16.6 மீட்டர். சர்வதேச அளவுகோலில் எங்கள் தளம் '2பி' வகை. பிற்பாடு நீட்டித் தார் போட்ட எங்கள் ஓடுதளம் 1,200 மீட்டர் நீளம், 23 மீட்டர் அகலம். பெருக்கினால் ஏழு ஏக்கருக்கும் குறைவு. ஆனால் ஓடுதளத்தைச் சுற்றி ஒரு வெற்று நிலப் பட்டை வேண்டும்: கண்பார்வையால் இறங்கும் இந்த வகைத் தளத்துக்கு நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 40 மீட்டர், இரு முனையிலும் 60 மீட்டர். 1,320-ஐ 80-ஆல் பெருக்குங்கள். 26 ஏக்கர். ஏழு ஏக்கரில் ஓடுவதற்கு 26 ஏக்கரைத் துடைத்து வைக்க வேண்டும். கருவிகளின் துணையோடு இறங்கும் பெரிய தளமென்றால் நடுக்கோட்டிலிருந்து 140 மீட்டர் என்று கணக்கு வேறெங்கோ போய்விடும். சிறு தளங்களின் பெயர் பட்டியலில் வந்தும் விமானம் வராததற்குப் பாதிக் காரணம் இந்தப் பெருக்கல்தான் என்பது என் எண்ணம்.

அந்த 26 ஏக்கரில் பள்ளம் கூடாது, வரப்பு கூடாது, கல் கூடாது. இருந்தே தீர வேண்டிய பொருள் எதுவானாலும் இடித்தால் முறிந்து விழுகிற மாதிரி இருக்க வேண்டும். விமானத்தைத் தாங்கி நிறுத்துவது கெட்டியான பொருள் என்றால் அதற்குப் பெயர் சுவர். பாதையை விட்டு விலகிய விமானம் மண்ணில் உராய்ந்து, வேகம் குறைந்து, தானாக நிற்க வேண்டும். வெள்ளைக் கற்கள் போனது இதனால். நூற்றிருபது கல்லையும் ஜேசிபி வைத்துப் பிடுங்கினோம். கல்லுக்குப் பதிலாகத் தாரின் மேலேயே ஓரக்கோடு தீட்டினோம். முனைகளில் நீளவாக்கில் வெள்ளைப் பட்டைகள். பட்டை எத்தனை என்பதுகூட விருப்பத்துக்கு விட்டதல்ல: 23 மீட்டர் அகலத்துக்கு ஆறு, 30-க்கு எட்டு, 45-க்குப் பன்னிரண்டு. விமானி மேலிருந்து பட்டையை எண்ணியே ஓடுதளத்தின் அகலத்தைத் தெரிந்துகொள்ளலாம். பெயிண்ட் அடித்து முடித்த நாள் அய்யா நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "வெள்ளையடிக்கிற வேலை போகலீங்க, தம்பி. இடந்தான் மாறியிருக்குது" என்றார்.

காற்றுப்பைக் கம்பமும் போயிற்று. பழைய ரயில் தண்டவாளத் துண்டைக் கான்கிரீட்டில் புதைத்து நட்டிருந்தார்கள். புயலே வந்தாலும் அசையாது என்று பெருமைப்பட்ட கம்பம். இப்போது வந்தது லேசான, மடிந்து விழக்கூடிய கம்பம். பை 3.6 மீட்டர் நீளம், வாயில் 0.9 மீட்டர் விட்டம், 300 மீட்டர் உயரத்திலிருந்து தெரிய வேண்டும். ஆலைத் துணிதான் இப்போதும். ஆனால் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஐந்து பட்டை.

உண்மையான தலைவலி வண்டிப்பாதை. புலப்படத்தை விரித்தால் மேற்கு முனைக்கு அப்பால் அந்த 60 மீட்டருக்குள்ளே குறுக்காக இரட்டைக் கோடு போகிறது: 'வண்டிப்பாதை, சர்க்கார் புறம்போக்கு'. 1994-இல் நானே அதன் மேல் சங்கிலி இழுத்திருக்கிறேன். அன்று யாருக்கும் அது உறுத்தவில்லை. விமானம் வரும் நேரம் அய்யா கையைக் காட்டினால் வண்டி நிற்கும். விமானம் போனதும் வண்டி போகும். இப்போது அது பொதுமக்களின் உரிமையுள்ள பாதை, பாதுகாப்புப் பட்டைக்குள். ஆலைக்காரர் வேலியோரமாக மாற்றுப் பாதைக்கு நிலம் கொடுத்து, கிராம நிர்வாக அலுவலர், தாலுகா ஆபீஸ், பஞ்சாயத்துத் தீர்மானம் என்று ஏறி இறங்கி, பழைய பாதை ஏட்டிலிருந்து நீங்க ஐந்து மாதம் ஆயிற்று. பாதையில் போனவர்கள் மொத்தம் ஏழெட்டுக் குடும்பம்தான். ஒரு கிழவி மட்டும் இன்றுவரை ஆலைக்காரரை மன்னிக்கவில்லை. சுற்றுப்பாதையில் அவள் தோட்டத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் கூடுதல். அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

பாதையை நீக்கத்தான் வேண்டுமா? திருவனந்தபுரத்தில் வருஷத்துக்கு இரண்டு முறை பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் விமான நிலைய ஓடுதளத்தின் வழியாகவே கடலுக்குப் போகிறது. விமானங்களை மணிக்கணக்கில் நிறுத்தி, உலகமெங்கும் உள்ள விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பு விட்டு, யானையும் வாளேந்திய ராஜ குடும்பத்தாரும் தார்ச்சாலையில் நடக்கிறார்கள். மரபுக்கு இடம் கொடுக்க விதிக்குத் தெரியும். நாளும் நேரமும் முன்னால் சொன்னால் போதும். மாட்டு வண்டி நாளும் நேரமும் சொல்லாது என்பதுதான் எங்கள் சிக்கல்.

இத்தனையும் வேண்டியதுதானா என்று அந்த ஏழு மாதத்தில் பல தடவை சலித்துக்கொண்டேன். வயலில் வேலை செய்பவனுக்கு வெறும் நிலத்தைப் பார்த்தால் வயிறெரியும். ஆனால் மங்களூரு என் நினைவில் இருந்தது. 2010 மே 22 அன்று ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் அங்கே ஓடுதளத்தைத் தாண்டி ஓடியது. வழியில் இருந்த கருவிக் கம்பங்களைத் தாங்கிய கான்கிரீட் அமைப்பில் இறக்கை மோதியது. அதற்கும் அப்பால் பள்ளத்தாக்கு. 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் பிழைத்தார்கள். இந்த வேலை முடிந்து மூன்று வருஷம் கழித்து, 2024 டிசம்பர் 29 அன்று, தென் கொரியாவின் முவானில் சக்கரம் இறங்காத ஜேஜு ஏர் விமானம் வயிற்றால் தரையில் இறங்கி, ஓடுதளத்தில் சறுக்கி, முனைக்கு அப்பால் சுமார் 250 மீட்டர் தூரத்தில் இருந்த ஒரு மண் மேட்டில் மோதியது. மேட்டுக்குள்ளே கான்கிரீட். அதன் மேலும் விமானத்துக்கு வழிகாட்டும் கருவிதான். 181 பேரில் 179 பேர் போய்விட்டார்கள். செய்தி பார்த்த இரவு வாட்ச்மேன் அய்யா எனக்கு போன் செய்தார். "தம்பி, அந்த மேடு நம்ம கல்லு மாதிரிதானுங்களே?" என்றார். ஆமாங்க அய்யா என்றேன். வேறு எதுவும் பேசவில்லை.

தரை முடிந்ததும் வானத்தை அளந்தோம். தளத்தின் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய வட்டில் நிமிர்த்தி வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்புகள் சரிவானவை. எதுவும் அதைக் கிழித்துக்கொண்டு மேலே வரக் கூடாது. எங்கள் வகைத் தளத்துக்கு விமானம் வந்து இறங்கும் திசையில் சரிவு 25-க்கு 1. ஓடுதள முனையிலிருந்து 60 மீட்டர் தள்ளித் தொடங்கும். பக்கவாட்டில் 5-க்கு 1. இரண்டரைக் கிலோமீட்டர் ஆரத்தில் 45 மீட்டர் உயரத்தில் தட்டையான கூரை. 1994-இல் நாங்கள் நிலத்தை அறுபத்தாறு அடிச் சங்கிலியால் அளந்தோம். தலையை நிமிர்த்திப் பார்த்ததே இல்லை. இப்போது டோட்டல் ஸ்டேஷனும் செயற்கைக்கோள் கருவியும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மரத்தின் உச்சியையும், மின்கம்பத்தையும், செல்போன் கோபுரத்தையும், பள்ளிவாசல் மினாரையும் உலகம் முழுதும் ஒப்புக்கொண்ட ஒரே ஆள்கூற்று முறையில் குறித்தோம்.

பல்லடம், உடுமலை பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக எப்படி வீசும் என்று. அந்தக் காற்றை நம்பித்தான் கணக்கில்லாத காற்றாலைகள் நிற்கின்றன. அதே காற்றை நம்பித்தான் ஓடுதளமும் கிழக்கு மேற்காகப் போட்டார்கள். 1994-இல் ஓடுதளத்துக்கு வடமேற்கே பனைமரம்தான் உயரம். இன்று இரண்டரைக் கிலோமீட்டருக்குள் மூன்று காற்றாலைகள் அந்த 45 மீட்டர் கூரையைத் தாண்டி நிற்கின்றன. அவற்றைச் சாய்க்க முடியாது. விளக்குப் பொருத்தி, வண்ணம் பூசி, வரைபடத்தில் குறித்து, விமானிகளுக்கு அறிவித்து, வடக்கே சுற்றக் கூடாது என்று எழுதிவைத்துச் சமாளித்தோம். விதி எல்லாவற்றையும் இடிக்கச் சொல்வதில்லை. இருப்பதைச் சொல்லிவிடு என்கிறது.

கிழக்கு முனையில் தென்னந்தோப்பு. முனையிலிருந்து 300 மீட்டரில் முதல் வரிசை. மிக உயரமான மரம் 14 மீட்டர். சரிவுக் கணக்குப்படி அந்த இடத்தில் 9.6 மீட்டருக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது. தோப்புக்காரர் மரத்தை வெட்டச் சம்மதிக்கவில்லை; நானாக இருந்தாலும் சம்மதித்திருக்க மாட்டேன். அரசு அறிவிக்கை செய்த விமான நிலையங்களுக்குத் தடைகளை அகற்ற 1994-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. ஒரு நூற்பாலையின் காட்டுக்கு அந்த அதிகாரத்தைக் காட்டி அண்டை வீட்டாரை மிரட்ட முடியாது. கடைசியில் ஓடுதளத்தையே குறைத்துக்கொண்டோம். கிழக்கிலிருந்து வரும் விமானம் தரை தொட வேண்டிய கோட்டை 150 மீட்டர் உள்ளே தள்ளி வரைந்தோம். கிழக்கு நோக்கி எழும் விமானத்துக்கு அறிவிக்கும் தூரத்தையும் அதே அளவு குறைத்தோம். இப்போது தோப்பின் மேலே 15.6 மீட்டர் வரை இடம். அதாவது மரம் வளர இன்னும் 1.6 மீட்டர். கோடிக்கணக்கில் போட்ட தாரில் 150 மீட்டரைத் தென்னை மரத்துக்கு விட்டுக்கொடுத்த கதையை முதலாளி இன்னும் எல்லோரிடமும் சொல்லிப் புலம்புகிறார்.

தீயணைப்பு. அன்று நான்கு மணல் வாளி, இரண்டு சிலிண்டர், அவசரத்துக்கு ஆலையின் டிராக்டர் தண்ணீர் டாங்க். இன்று விமானத்தின் நீளத்தை வைத்து வகை பிரிக்கிறார்கள். 12 முதல் 18 மீட்டர் வரை மூன்றாம் வகை. நுரை கலக்க 1,200 லிட்டர் தண்ணீரோடு ஒரு வண்டி. மணி அடித்தால் ஓடுதளத்தின் எந்த முனைக்கும் மூன்று நிமிடத்துக்குள். வண்டி வந்தது, ஆட்களும் பயிற்சி பெற்றார்கள். முதல் ஒத்திகையில் நான் கடிகாரம் பிடித்தேன். நான்கு நிமிடம் பத்து விநாடி. வண்டியின் வேகத்தில் குறையில்லை. கொட்டகைக்கும் ஓடுதளத்துக்கும் நடுவில் ஒரு இரும்புக் கதவு, கதவுக்குப் பூட்டு, பூட்டின் சாவி அய்யாவின் இடுப்பில், அய்யா சாப்பிடப் போயிருந்தார். மறுநாள் பூட்டு போய்க் கொக்கி வந்தது. இரண்டே கால் நிமிடம்.

பறவைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விமான நிலையத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் பறவை, விலங்குகளைக் கூட்டும் விதமாக அறுப்பதும் குப்பை கொட்டுவதும் 91-ஆவது விதிப்படி கூடாது. எல்லாப் பஞ்சாயத்துக்கும் கடிதம் போட்ட பிறகு தெரிந்தது, மிக அருகிலிருந்த குப்பைமேடு ஆலைக் கேன்டீனுடையது என்று. மயில்தான் தீராத தொல்லை. கொங்கு நாட்டில் மயில் பெருகிக் கிடக்கிறது. வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் கை வைக்க முடியாது. தினமும் காலையில் ஒருவர் தகரம் தட்டிக்கொண்டு ஓடுதளத்தில் நடக்கிறார். எத்தனை மயில், எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு என்று நோட்டில் எழுதுகிறார். நடப்பவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த நோட்டுதான் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம், கொஞ்சம் வருத்தமும்கூட. உரிமத்துக்கு ஒரு கையேடு எழுத வேண்டும்: தளத்தில் யார் எதைச் செய்வது, எப்போது, எதைச் சரிபார்ப்பது, தவறினால் யாரிடம் சொல்வது. ஆலோசகர் வேறெங்கோ எழுதிய கையேட்டின் நகலைக் கொண்டுவந்து பெயரை மாற்றிக் கொடுத்தார். அதில் பனிப்பொழிவு அகற்றுவது பற்றி ஒரு பக்கம் இருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நான் அய்யாவோடு மூன்று மாலை உட்கார்ந்தேன். எந்த மழைக்கு எங்கே தண்ணீர் நிற்கும், எந்த மூலையில் எலி வளை, ஆடியில் எத்தனை மணிக்குக் காற்று திரும்பும், தோட்டத்தில் கடலை பிடுங்கினால் எந்தப் பறவை வரும் என்று சொல்லச் சொல்ல எழுதினேன். அவர் தலையில் இருந்ததுதான் அந்தத் தளத்தின் பாதுகாப்பு முழுவதும். அவருக்குக் காய்ச்சல் வந்த நாளில் 1994-இல் தளத்துக்கும் காய்ச்சல்தான். கையேடு வந்ததால் அவர் இல்லாத நாளிலும் தளம் இயங்குகிறது. அவருக்கு அது தெரியும். அதனால்தானோ என்னவோ மூன்றாம் நாள் மாலை சில கேள்விகளுக்கு "அதெல்லாம் பார்த்தாத் தெரியுமுங்க" என்று நிறுத்திக்கொண்டார்.

காகிதம் கூடிவிட்டது என்ற முணுமுணுப்பை நான் முழுதும் மறுக்க மாட்டேன். பிரிட்டனில் 2010 வரை விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தளத்துக்கு உரிமம் கட்டாயமாக இருந்தது. அந்த ஆண்டு உரிமமில்லாத சிறு தளங்களிலும் கற்றுக்கொடுக்கலாம் என்று தளர்த்தினார்கள். ஒற்றை எஞ்சின் விமானம் வாரத்துக்கு இரண்டு வந்து போகும் தளத்துக்கு ஐந்து கோப்பு தேவையில்லை என்பதுதான் என் கட்சியும். ஆனால் குறைக்கச் சொன்னால் கோப்பில் குறைப்பேன். அந்த 26 ஏக்கரில் ஒரு சென்ட் குறைக்க மாட்டேன்.

உரிமம் வந்தது. அதோடு எனக்கு ஒரு நிரந்தர வேலையும் வந்தது: வருஷத்துக்கு ஒரு தடவை தென்னந்தோப்பை அளப்பது. 1.6 மீட்டர் இடத்தில் எவ்வளவு மிச்சம் என்று ஆவணத்தில் எழுத வேண்டும். முதல் வருஷம் ஆடி மாதத்தில் போனேன். தோப்புக்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நான் கருவியை நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் மர உச்சி மேலும் கீழும் ஆடியது. ஒரு மட்டை நிமிர்ந்தால் கால் மீட்டர் கூடுகிறது. காற்று அமுக்கினால் அரை மீட்டர் குறைகிறது.

"ஏனுங்க, குருத்து வரைக்கும் அளப்பீங்களா, மட்டை நுனி வரைக்குமா?" என்றார்.

"எது உசரமோ அதுங்க."

அவர் மேலே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கட்டிலின் ஒரு ஓரத்தைத் துண்டால் தட்டிவிட்டு, "அப்போ காத்து நிக்கட்டுமுங்க. அதுவரைக்கும் உக்காந்து ஒரு எளநி குடிங்க" என்றார்.